சிறிய வண்டி, நீண்ட சாலை

நீண்ட பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்த வண்டியில் போகிறோம்?" என்பதுதான். பெரிய வண்டி என்றால் எல்லாருக்கும் நிம்மதி. துணிப்பெட்டிகள், தலையணைகள், பலகார டப்பாக்கள் என அனைத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். இந்நிலையில், இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கக்கூடிய ஒரு சிறிய 'ஸ்போர்ட்ஸ்' வகை மகிழுந்தில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன கேட்போம்? "வெயிலில் வாடப் போகிறாயா? மழை வந்தால் என்ன செய்வாய்? பெட்டியை எங்கே வைப்பாய்?" என்று கேட்போம். இவை நியாயமான கேள்விகளே. ஆயினும், அப்பயணத்தை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. வசதியான பெரிய வண்டிகளில் நாம் இழந்துவிட்ட ஒன்றை அது திருப்பித் தருகிறது என்பது என் கருத்து.

முதலில் அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்வோம். இவ்வகை மகிழுந்துகளில் உலகெங்கும் பெயர் பெற்றது, ஜப்பானின் மஸ்டா நிறுவனம் தயாரிக்கும் எம்.எக்ஸ்.-5 ஆகும். 1989ஆம் ஆண்டு சிகாகோ வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உலகில் மிக அதிகமாக விற்பனையான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் மகிழுந்து என 2000ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது வண்டி தயாரிக்கப்பட்டது.

இத்தனை புகழ் பெற்ற வண்டி எவ்வளவு பெரியது தெரியுமா? 2015ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை எம்.எக்ஸ்.-5இன் நீளம் ஏறத்தாழ 3.9 மீட்டர், அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். நம் சாலைகளில் எங்கும் காணப்படும் பெரோடுவா மைவியின் நீள அகலமும் ஏறத்தாழ இவையே. ஆனால், உயரத்தில் மைவியைவிட ஏறக்குறைய 28 செண்டிமீட்டர் தாழ்வானது. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். இதை உருவாக்கியவர்கள் 'ஜின்பா இத்தாய்' என்னும் ஜப்பானியச் சொற்றொடரைத் தங்கள் கொள்கையாகக் கொண்டனர். குதிரையும் அதன்மேல் அமர்ந்திருப்பவரும் ஓருடல்போல இயங்குவது என்பது அதன் பொருள். அதாவது, வேகத்தைக் காட்டிலும் ஓட்டுநருக்கும் வண்டிக்கும் சாலைக்கும் இடையே உள்ள நெருக்கமே இங்கு முக்கியமாகக் கருதப்பட்டது.

இத்தகைய வண்டியில் நெடுந்தூரம் செல்வதால் கிடைக்கும் முதல் நன்மை, எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறியும் பழக்கமாகும். எம்.எக்ஸ்.-5இல் பொருள்களை வைக்கும் பின்பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 130 லிட்டர்தான். மைவியின் பின்பெட்டியில் பாதிகூட இல்லை. கெட்டியான பெரிய பெட்டி அதற்குள் நுழையாது. வளைந்துகொடுக்கும் துணிப்பைகள் இரண்டை வைக்கலாம். ஆகவே, மூன்று நாள் பயணத்திற்கு மூன்று சட்டைகள் போதுமா, இரண்டாவது காலணி எதற்கு, ஒருமுறையும் பிரிக்காத புத்தகங்களை ஏன் சுமக்க வேண்டும் என்றெல்லாம் புறப்படும் முன்பே யோசித்தாக வேண்டும். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. வீட்டுக்குச் சொன்னது பயணத்திற்கும் பொருந்துகிறது. சுமை குறைந்தால், ஊருக்கு ஊர் பெட்டிகளை இறக்கி ஏற்றும் தொல்லையும் குறையும். கண்ணும் மனமும் வழியின்மீது செல்லும்.

இரண்டாவது நன்மை, நாம் தேர்ந்தெடுக்கும் சாலையைப் பொறுத்தது. ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் வரை செல்லும் வடக்கு தெற்கு விரைவுச்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 772 கிலோமீட்டர். நாட்டின் வளர்ச்சிக்கு அச்சாலை செய்துள்ள உதவியை யாரும் மறுக்க முடியாது. அவசர வேலையாகச் செல்பவருக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கும் அதுவே சிறந்தது. ஆனால், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வழியிலுள்ள ஊர்கள் அனைத்தும் பச்சை நிறப் பெயர்ப்பலகைகளாக மட்டுமே கடந்து போகின்றன. கூரை திறந்த வண்டிக்கும் அந்த வேகம் ஏற்றதன்று. காற்றின் இரைச்சலில் அருகில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சிறிது நேரத்திலேயே களைப்பு வந்துவிடும்.

ஆகவே, சிறிய திறந்த வண்டி தன் ஓட்டுநரைத் தானாகவே பழைய சாலைக்கு அழைத்துச் செல்கிறது. விரைவுச்சாலை வருவதற்கு முன்னர் வடக்கே செல்வோர் அனைவரும் கூட்டரசுச் சாலை ஒன்றையே நம்பியிருந்தனர். அச்சாலை இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டால் தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் என ஊர்களின் நடுவே அது செல்கிறது. வண்டிகள் விரைவுச்சாலைக்கு மாறியபின், இவ்வூர்களின் கடைத்தெருக்களில் நின்று செல்லும் வெளியூர்ப் பயணிகள் குறைந்துபோயினர். ஒரு கோப்பைத் தேநீருக்காக நாம் அங்கே நின்றால், அது நமக்கு ஓய்வு, கடைக்காரருக்கு வருமானம்.

இச்சாலையோர ஊர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. மலாயாவின் சாலைகளையும் இரயில் பாதைகளையும் அமைப்பதிலும், இரப்பர்த் தோட்டங்களை உருவாக்குவதிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் வியர்வை கலந்திருக்கிறது. சுங்கை சிப்புட், துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தோட்டத் தொழிலாளர்களே பங்குதாரர்களாகித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டில் நடப்பட்ட இரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. நாட்டின் மிகப் பழைய இரப்பர் மரங்களுள் அதுவும் ஒன்று. நம் பாட்டன், பூட்டன் வாழ்க்கையைத் தீர்மானித்த பயிரின் தொடக்கம் அந்த மரத்தில் தெரிகிறது. பாடநூலில் படித்த வரலாற்றைச் சாலையோரத்தில் நின்று பார்ப்பதற்கு, நிற்க மனம் வைக்கும் பயணம் வேண்டும். விரைவுச்சாலையில் சென்றால் அந்த ஊர்ப்பெயர்கள் மட்டுமே நமக்கு மிஞ்சும்.

மூன்றாவது நன்மை, நாட்டை ஐம்புலன்களாலும் அறிவதாகும். தாப்பாவிலிருந்து கிழக்கே பிரியும் பழைய மலைச்சாலை ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்குச் செல்கிறது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. பொதுவாக ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். மூடிய வண்டியில் குளிர்சாதனத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு செல்பவருக்கு, மேலே போய்க் கதவைத் திறக்கும்வரை அந்த மாற்றம் தெரியாது. கூரை திறந்த வண்டியில் செல்பவரோ அதை வளைவுக்கு வளைவு தோலால் உணர்கிறார். ஈர மண்ணின் மணமும் காட்டுப் பூச்சிகளின் ஒலியும் அவரைத் தொடர்கின்றன. வழியிலுள்ள லாத்தா இஸ்கண்டார் அருவியின் ஓசையும் தடையின்றி அவர் காதில் விழுகிறது. கோப்பேங்கிலிருந்து ஈப்போவை நெருங்கும்போது எழும் சுண்ணாம்புக் குன்றுகளை, தாழ்வான இருக்கையில் அமர்ந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு அவற்றின் உயரம் முழுமையாகப் புலப்படும்.

இருப்பினும், இப்பயணத்தில் குறைகளே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நம் நாட்டு வெயில் கடுமையானது. பகலில் வெப்பநிலை 32, 33 பாகையைத் தொடுவது இயல்பு. நண்பகலில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுவது வீரமன்று, அறியாமை. காலை பத்து மணிக்கு முன்பும் மாலையிலும் திறந்து, இடைப்பட்ட நேரத்தில் மூடிக்கொள்வதே அறிவுடைமை. தொப்பியும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். அடுத்து மழை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். எம்.எக்ஸ்.-5இன் துணிக்கூரையை இருக்கையில் அமர்ந்தபடியே சில நொடிகளில் கையால் இழுத்து மூடிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால், வானம் கறுக்கும்போதே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி மூடுவதுதான் முறை.

பாதுகாப்பைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாழ்வான வண்டி, லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் தென்படாது. ஆகவே, லாரியின் பக்கவாட்டில் ஒட்டியபடி செல்லக்கூடாது. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுவது நல்லது. கூட்டரசுச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர் என்பதையும், ஊருக்குள் அது இன்னும் குறையும் என்பதையும் மறக்கக்கூடாது. 'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரைக் கேட்டுச் சாலையைப் பந்தயத்திடலாக எண்ணுபவர் இந்த வண்டியின் நோக்கத்தையே புரிந்துகொள்ளாதவர். குறைந்த வேகத்திலும் ஓட்டும் இன்பத்தைத் தருவதுதான் இதன் சிறப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலை ஒரு பெருந்தடை. மலேசியாவில் இத்தகைய புதிய வண்டியின் விலை இரண்டு இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் தீபாவளிக்கு ஊர் திரும்ப இது எவ்விதத்திலும் உதவாது. அப்படியானால், வசதி படைத்தவரின் பொழுதுபோக்கைப் பற்றி மாணவர்கள் ஏன் சிந்திக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் விடை இதுதான்: அந்தப் பயணத்தை இனிமையாக்குவது வண்டியின் விலை அன்று, வண்டியின் வரம்புகள். இடம் குறைவு, ஆகவே சுமையைக் குறைக்கிறோம். வேகமாகச் சென்றால் இரைச்சல். ஆகவே மெதுவாகச் செல்கிறோம். வெயிலும் மழையும் உண்டு. ஆகவே வானத்தைப் பார்த்துப் புறப்படுகிறோம். அவ்வப்போது நின்று இளைப்பாறுகிறோம். இந்த நான்கு பழக்கங்களையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

குடும்பத்தின் பழைய மைவியிலும் இவற்றைக் கடைப்பிடிக்கலாம். அடுத்த பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்லும்போது, போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒருமுறையாவது பழைய சாலையில் செல்லுமாறு உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பை போதும் என்று பேசி முடிவெடுங்கள். காலை நேரத்தில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். அறியாத ஓர் ஊரில் இறங்கி, கடைக்காரரிடம் அவ்வூரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேளுங்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆகலாம். ஆனால், அப்பாவும் அம்மாவும் அவ்வழியில் பேருந்தில் சென்ற காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். கைப்பேசித் திரையிலிருந்து தலை நிமிர்த்திக் கேட்க ஏதேனும் கிடைக்கும்.

பயணம் என்பது இரண்டு ஊர்களுக்கு இடையே கழிக்க வேண்டிய வெற்று நேரம் என்ற எண்ணம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. அந்த எண்ணம் முற்றிவிட்டால், நம் முன்னோர் உழைத்து உருவாக்கிய ஊர்கள் நமக்கு வெறும் பெயர்களாகிவிடும். சிறிய திறந்த மகிழுந்தில் நெடுந்தூரம் செல்பவர், அவ்வெண்ணத்திற்கு மாறான வழி ஒன்று உண்டு என்பதைக் காட்டுகிறார். அவரைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு, அவர் செல்லும் சாலையில் நாமும் ஒருமுறை சென்று பார்ப்பதே சிறந்தது.