ஒரு செமஸ்டர் எவ்வளவு நீளம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நம்மூர் மாணவர் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தால் போதும், நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு, 'நம்மாள வேணும்னே மாட்டிவிட்டுட்டாங்க.' இன்னொரு கட்சிக்கு, 'அங்கெல்லாம் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு, தப்புப் பண்ணினா அனுபவிக்கட்டும்.' முதல் கட்சியோடு சண்டை போட எனக்குப் பொறுமை இல்லை. இரண்டாவது கட்சியோடுதான் பேச வேண்டியிருக்கிறது. அது நியாயம் மாதிரியே ஒலிக்கிறது, அதனால்தான் ஆபத்து.

'ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன்' என்கிற தண்டனையையே எடுத்துக்கொள்வோம். அதே ஊர்ப் பையன் ஒருவனுக்கு அது கிடைத்தால் வீட்டுக்குப் போவான், அப்பா திட்டுவார், ஏதோ ஒரு கடையில் வேலை பார்ப்பான், அடுத்த செமஸ்டர் திரும்பி வருவான். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்கு? முழுநேர மாணவராகப் பதிவில் இருப்பதுதான் அவர் அந்த நாட்டில் தங்குவதற்கான ஒரே ஆதாரம். சஸ்பென்ட் ஆனால் அந்தப் பதிவு போய்விடும். பல்கலைக்கழகம் அதை அரசின் செவிஸ் கணினியில் ஏற்ற வேண்டும்.

படிப்பை முடித்தவருக்கு ஊர் திரும்ப 60 நாள் அவகாசம். முன் அனுமதி வாங்கிப் பாதியில் விலகுபவருக்கு 15 நாள். நிலை ரத்தானவருக்கு ஒரு நாள்கூட இல்லை. ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் பொதுவாகப் புது ஐ-20 வாங்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கிடையில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கல்விக் கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வரிதான். ஒருவருக்கு அது விடுப்பு, மற்றவருக்கு நாடு கடத்தல். இதைத்தான் 'எல்லாருக்கும் ஒண்ணு' என்கிறோம்.

இந்தத் தண்டனையை யார் கொடுக்கிறார்கள்? நீதிமன்றம் இல்லை. பேராசிரியர்களும் அலுவலர்களும், சில இடங்களில் மாணவர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு. 'சந்தேகத்துக்கு இடமின்றி' நிரூபிக்க வேண்டிய தேவை பெரும்பாலான இடங்களில் கிடையாது. செய்திருக்க வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று தோன்றினால் போதும். உதவிக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம், ஆனால் பல இடங்களில் அவர் வாய் திறக்கக் கூடாது.

இந்த அளவு விசாரணைகூட யாரும் தானாகத் தந்ததில்லை. 1960 பிப்ரவரியில் அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் மாண்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த உணவகத்தில் போய் உட்கார்ந்து சாப்பாடு கேட்டார்கள். ஒன்பது பேரைக் கல்லூரி நீக்கியது. விசாரணையே நடக்கவில்லை. 1961-ல் டிக்ஸன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்கும் முன் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதாவது இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பே, 'ஒழுங்கு மீறியவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வாங்கிக் கொடுத்தது. அதுவும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் பொருந்தும். தனியார் என்றால் யாரும் படிக்காத அந்த மாணவர் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் சட்டம்.

இப்போது இதன் மேல் ஏஐ டிடெக்டரை ஏற்றி வையுங்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் கிட்டத்தட்ட பிழையே இல்லை. காரணம் எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிந்தால் அது இயந்திரம் என்பது டிடெக்டரின் கணக்கு. பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்றவர் தெரிந்த சொல்லை, பத்திரமான வாக்கியத்தைத்தான் எழுதுவார். பிழை வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து எழுதியதுதான் அங்கே குற்றத்தின் அடையாளம்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் டிடெக்டரைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. அடுத்த மாதம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்ன்இட்இன்னின் டிடெக்டரை அணைத்தது. அவர்கள் போட்ட கணக்கு இது: 2022-ல் வந்த கட்டுரைகள் 75,000. டிடெக்டர் நூற்றுக்கு ஒன்று தவறினால்கூட 750 கட்டுரைகள்மேல் பொய்க்குற்றம். இந்த எளிய பெருக்கலைப் போடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

'அப்போ காப்பி அடிச்சவனை விட்டுடச் சொல்றியா?' என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே இரண்டு வருடம் டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்திருக்கிறேன். ஒரே எழுத்துப்பிழையோடு நாலு பேரிடமிருந்து ஒரே புரோகிராம் வரும். நம்மூரில் அசைன்மென்ட்டைக் கொடுத்து உதவுவது நட்பு, அங்கே கொடுத்தவர் மேலும் நடவடிக்கை. 'எங்க ஊர்ல இப்படித்தான்' என்பது சாக்காகாது. உழைத்து எழுதியவருக்கு அது துரோகம்.

ஆனால் தண்டனை என்பது திரும்பி வர வழி வைப்பது. 2012-ல் ஹார்வர்டில் 279 பேர் படித்த ஒரு வகுப்பில் ஏறத்தாழ 125 பேர் வீட்டுத் தேர்வில் கூட்டாக எழுதியதாக விசாரிக்கப்பட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொஞ்ச காலம் விலகச் சொன்னார்கள், பிறகு திரும்பலாம் என்று. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கௌரவ முறை 1842-ல் தொடங்கியது. பல தலைமுறையாக அதற்கு ஒரே தண்டனைதான், நிரந்தர நீக்கம். 2022-ல் மாணவர்களே ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். அங்கே பிறந்தவர்களே அளவுக்கு மீறியது என்று ஒதுக்கிய தண்டனையை, விசா விதியின் வழியாக வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் மறுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு கொடுமை, யாரும் பேசாதது. பல பல்கலைக்கழகங்களில் 'பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லை, தண்டனையும் குறையும். தப்பே செய்யாதவர் என்ன செய்வார்? விசாரணைக்குப் போய்த் தோற்றால் விமானம் ஏற வேண்டும். கையெழுத்துப் போட்டால் ஒரு பாடத்தில் பூஜ்யம். சீனியரும் அதைத்தான் சொல்வார்: 'போட்டுட்டு வந்துடுடா, வம்பு வேணாம்.' தண்டனை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுலபமாகப் பொய் ஒப்புதல் கிடைக்கும். அந்தக் கையெழுத்து கோப்பில் தங்கிவிடும். அடுத்த முறை ஏதாவது வந்தால், அவர் 'ஏற்கெனவே ஒருமுறை செய்தவர்'.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. டிடெக்டர் தரும் எண்ணை மட்டும் வைத்து வழக்குப் போடாதீர்கள். மாணவரைப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசச் சொன்னால் பாதி விஷயம் தெரிந்துவிடும். சஸ்பென்ஷன்தான் என்றால் அது விசாவை என்ன செய்யும் என்பதைத் தீர்ப்புக்கு முன் கேளுங்கள், பின்னால் அல்ல. பாடத்தில் பூஜ்யம், மறுபடி படிப்பது என்று வலிக்கிற தண்டனைகள் வேறு எத்தனையோ இருக்கின்றன.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2023-24 கல்வியாண்டில் இந்தியாவிலிருந்து அங்கே படித்தவர்கள் 3,31,602 பேர், வேறெந்த நாட்டைவிடவும் அதிகம். கிளம்பும் முன் இவர்களுக்கு ஊறுகாய் கட்டத் தெரிந்த நமக்கு, கடிதம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரியே கையெழுத்துப் போடாதே. ஆதாரத்தை எழுத்தில் கேள். உன் வரைவுகளை எல்லாம் எடுத்து வை. கையேட்டில் உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று படி. அதன் பிறகும் நீ செய்தது தப்புதான் என்றால் ஒத்துக்கொள். செய்யவில்லை என்றால், செய்யவில்லை என்று சொல்.