ஆளை மேய்க்கும் படிப்பா?

"ஆளை மேய்க்கவும் ஒரு பட்டமோ, மாஸ்டர்?" என்று வினவினார் முல்லைத்தீவுக் கமக்காரர் ஒருவர். உயர்தரத்தில் வர்த்தகம் கற்ற அவர் மகள் மனிதவள முகாமைத்துவம் பயில விழைகின்றாள். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனித்தெழுந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலேயே அதனைப் பயிலலாம்.

என் பழைய மாணவன் ஒருவனை நினைத்துக்கொண்டேன். பல்லாண்டு உழைத்து விலகியவனது சேமலாப நிதிக் கணக்கில் மூன்று வருடப் பணத்தைக் காணவில்லை! ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பங்காக 12 என மாதந்தோறும் சேரவேண்டிய பணம் அது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த உரிமை. அதனைத் தவறாது சேர்ப்பிப்பதும் இப்படிப்புப் படித்தவர் கடனே என்றேன்.

"அப்ப படிக்கட்டும். வேலை கொழும்பிலையெண்டால்?" என்றார். பெரிய கம்பெனிகளின் தலைமையகங்கள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளன. யான் என் சொல்வேன்!