குடிக்கும் முன்பே யோசியுங்கள்

நம் ஊர் மது பாட்டில்களில் முன்பு ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று அச்சடித்திருந்தார்கள். எப்படியெல்லாம் கெடுக்கும் என்று எழுத அதில் இடமிருக்கவில்லை. அதில் ஒரு கேட்டை இங்கே சொல்கிறேன். கூச்சமான விஷயம்தான். சொல்லாமல் விட்டால் நஷ்டம் நமக்கே.

மும்பையில் தாராவியிலும் குர்லாவிலும் ஒரே அறையில் பலராகத் தங்கி உழைக்கும் நம் வாலிபர்களில் சிலருக்கு, கூலி கைக்கு வந்ததும் குடி. குடித்த பின் தகாத இடத்துக்குப் போகும் துணிச்சல். ஆணுறையைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அரசாங்கம் ‘நிரோத்’தைக் கொண்டு வந்தது 1968-ல். எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது 1986-ல். அன்று முதல் எத்தனையோ பிரசாரம் நடந்துவிட்டது. கேட்டால், “போதையில் அதெல்லாம் யாருக்கு அண்ணே ஞாபகம்?” என்கிறார்கள். மருந்துக் கடையில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரே என்ற வெட்கம் வேறு. சாராயக் கடை வரிசையில் நிற்க மட்டும் வெட்கமில்லை!

நான் ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவன். பொங்கலுக்கு ஊர் போக 60 நாள் முன்பே வந்து வரிசையில் நிற்கிறார்கள். மனைவிக்குப் புடவை, பிள்ளைக்குச் சட்டை எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். அந்த மனைவிக்கு நோயைக் கொண்டு போகாமலிருக்க மட்டும் முன்யோசனை வேண்டாமா? ஒரு தப்பும் அறியாத அவள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

போகாதே என்பதுதான் என் முதல் புத்திமதி. அதையும் மீறிப் போகிறவன், புத்தி தெளிவாக இருக்கும்போதே, அதாவது குடிக்கும் முன்பே, ஆணுறையை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

தவறு நடந்துவிட்டதா? மறைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைப்பார்கள். கிருமி உடனே தெரியாது என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் இருந்தாலும் 2004 முதல் மருந்தும் இலவசம். தவறாமல் சாப்பிட்டால் நெடுநாள் வாழலாம். விவரம் கேட்க 1097 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது.

மேஸ்திரிகளுக்கும் சங்கப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலியை எண்ணிக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள். நாம் வெட்கப்பட்டு வாய் மூடினால், ஊரில் ஒரு குடும்பம் அழும்.