இல்லாத கோளுக்கு ஒரு வாழ்த்து

2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் கான்பராவுக்கு அருகிலுள்ள விண்தொடர்பு நிலையம், பொதுமக்கள் எழுதிய ஏறக்குறைய 26,000 வாழ்த்துகளை விண்ணுக்கு அனுப்பியது. அவை போய்ச் சேர வேண்டிய இடம், 20 ஒளியாண்டு தொலைவிலுள்ள கிளீஸ் 581 என்ற விண்மீனைச் சுற்றுவதாக 2007இல் அறிவிக்கப்பட்ட ‘டி’ கோள். வாழ்த்துகள் 2029வாக்கில் அங்கே சேரும். ஆனால், அப்படியொரு கோளே இல்லை என்றது 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு.

குழப்பம் எங்கிருந்து வந்தது? அந்தக் கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பால் விண்மீனும் சற்றே ஆடும். நம்மை நெருங்கும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். இந்த அசைவைத்தான் அளக்கிறார்கள். அது மிகச் சிறியது. நம் சூரியனை வியாழன் விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமியோ வெறும் 9 சென்டிமீட்டர்.

விண்மீனின் முகத்திலும் கரும்புள்ளிகள் உண்டு. விண்மீன் சுழலும்போது ஒரு விளிம்பு நம்மை நெருங்கும், மறு விளிம்பு விலகும். ஒரு பக்க ஒளியைக் கரும்புள்ளி குறைத்தால் மறுபக்க ஒளி ஓங்கும். கருவிக்கு விண்மீனே ஆடியதுபோல் தோன்றும். மேற்பரப்பின் கொதிப்பைக் காந்தப்புலம் அடக்கினாலும் இதே ஏமாற்றுதான்.

கிளீஸ் 581 ஒருமுறை சுழல 130 நாள் ஆகிறது. ‘டி’ கோளின் ஓராண்டு 66 நாள், ஏறத்தாழ அதில் பாதி. பால் ராபர்ட்சன் குழுவினர் விண்மீனின் காந்தச் செயல்பாட்டைக் கணக்கிலிருந்து கழித்தனர். ‘டி’யின் அடையாளம் மங்கியது; மற்றக் கோள்களின் அடையாளமோ மேலும் தெளிவானது. இதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு.

“விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்” என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. பொய்யான ஒன்றை நீக்கியதால்தானே மெய்யானவை துலங்கின? ஆனால், கண்டுபிடிப்பு தலைப்புச் செய்தியாகிறது. திருத்தமோ கண்ணில் படுவதே அரிது. வகுப்பறையிலும் முடிவுகளையே மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தமிழ்ப்பள்ளியிலேயே நம் பிள்ளைகள் ‘மாறிகள்’ பற்றிப் படிக்கிறார்கள். விண்மீனின் சுழற்சியும் அப்படியொரு மாறிதான் என்று காட்ட இதைவிட நல்ல பாடம் ஏது?

அடுத்த முறை ‘இரண்டாவது பூமி’ என்ற செய்தியைப் படிக்கும்போது, உங்கள் பிள்ளையிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த விண்மீன் சுழல எத்தனை நாள்? கோள் சுற்றிவர எத்தனை நாள்? இரண்டும் ஒன்றாகவோ பாதியாகவோ இருந்தால், வாழ்த்து அனுப்பக் கொஞ்சம் பொறுத்திருப்போம்.