மூட்டையை எண்ணுகிறோம், கணக்கையும் எண்ண வேண்டாமா?

விருதுநகரிலிருந்து பருப்பு லாரி வந்து நிற்கிறது. மூட்டையை எண்ணாமல், எடை பார்க்காமல் சீட்டில் கையெழுத்துப் போடும் வியாபாரி நம் வ. புதுப்பட்டியில் உண்டா? கிடையாது. ஆனால் பல ஆண்டுக் கணக்கை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேறோர் இடத்துக்கு மாற்றும்போது மட்டும், "எல்லாம் முடிந்தது அண்ணாச்சி" என்ற ஒரு வாய்வார்த்தையை நம்பிவிடுகிறோம்.

எங்கள் கடையிலும் அப்படித்தான் நடந்தது. பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகவே, அதை அப்படியே 'கிளவுட்'டுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். அதாவது, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, 'டிஸ்க் இமேஜ்' என்று நகலெடுத்து, வெளியூரில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து ஓட்டுவது. ஏற்றிய பிறகு அது திறக்கவில்லை. 'வட்டு செல்லாது' என்று பிழைச்செய்தி வந்தது. மூன்று நாள் கையால் பில் எழுதினோம். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் கடன் பாக்கிப் பேரேடு தப்பியது. அழித்திருந்தால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று வாடிக்கையாளரிடமே கேட்கும் நிலை வந்திருக்கும்.

பிழைக்குக் காரணம் பெரிய மர்மம் அல்ல. நகல் பாதியில் நின்றிருந்தது. 100 ஜிபி கோப்பை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் சுமார் 22 மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை மின்சாரம் போனால் போதும். 'விஎச்டி' என்ற வகைக் கோப்பில் வட்டின் அடையாளமும் அளவும் சொல்லும் முத்திரை கடைசி 512 பைட்டில் இருக்கிறது. வால் அறுந்தால் முத்திரையும் போயிற்று. முத்திரை இல்லாத சீட்டை யார் ஏற்பார்கள்?

வேறு காரணங்களும் உண்டு. பழைய முறையில் (எஃப்ஏடி32) பார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. மைக்ரோசாஃப்டின் அசூர், 'விஎச்டிஎக்ஸ்' வகையை ஏற்பதில்லை. நிலையான அளவுள்ள விஎச்டி கேட்கிறது. அப்படி மாற்றும்போது 500 ஜிபி டிஸ்க்கில் 60 ஜிபி மட்டுமே உபயோகித்திருந்தாலும் கோப்பு 500 ஜிபியாகப் பெருகும். அதற்கு இடம் வேண்டும். அமேசானோ விஎச்டிஎக்ஸையும் ஏற்கிறது. ஆகவே, எங்கே போகிறோம் என்று தெரிந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். டிஸ்க் பிட்லாக்கர் பூட்டில் இருந்தால் முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். தொலைவிலிருந்து நுழையும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதியை முன்பே இயக்கி வைக்காவிட்டால், இயந்திரம் ஓடினாலும் நாம் உள்ளே போக முடியாது.

இவை எல்லாவற்றையும் நாமே கற்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை மட்டும் கேட்போம். புறப்பட்ட கோப்பின் அளவும் சேர்ந்த கோப்பின் அளவும் ஒன்றா? இரண்டின் 'எஸ்எச்ஏ-256' சரிபார்ப்பு எண்ணும் ஒன்றா? புதிய இடத்தில் நம் கண்ணெதிரே ஒரு பில் போட்டு, ஒரு பழைய பாக்கியை எடுத்துக் காட்டுவீர்களா? பழைய டிஸ்க் யாரிடம் இருக்கும்?

இந்தக் கவனம் வீண் பயம் அல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் வைக்க வேண்டும் என்று 57-ஆவது விதி சொல்கிறது. அதிகாரி கணக்கைக் கேட்கும் அன்று, "கம்ப்யூட்டர்காரர் அழித்துவிட்டார்" என்பது பதில் ஆகாது. பொறுப்பு நம்முடையது.

நம் கருத்து இதுதான். மாற்றுவதற்கு முன், கணக்கு மென்பொருளின் தனி நகல் ஒன்றை வேறு டிஸ்க்கில் எடுத்துக் கடைக்கு வெளியே வையுங்கள். இமேஜ் திறக்காவிட்டாலும் கணக்கு மிஞ்சும். புதிய இடத்திலிருந்து ஒரு மாத ரிட்டர்ன் தாக்கல் செய்து முடியும்வரை பழைய டிஸ்க்கை அழிக்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். கூலியில் ஒரு பகுதியைச் சோதனை முடிந்த பிறகே தருவது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நல்ல தொழில்நுட்பக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எடை போட்டு வாங்கும் கடைக்காரரிடம் நேர்மையான லாரிக்காரர் கோபித்துக்கொள்கிறாரா, என்ன?