மூட்டு மாற்றிய பிறகு யார் பார்ப்பது?



மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரை செலவோடு நின்றுவிட்டது. செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது நல்ல காரியம்தான். ஆனால் பாதி வேலை வீடு திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

என் மாமியாரை, மூட்டு மாற்றிய மறுநாளே ஆஸ்பத்திரியில் வாக்கர் பிடித்து நடக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று யாரோ சொல்ல, மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். வலிக்குப் பயந்து காலை மடக்கவில்லை. மடக்காத முட்டி இறுகிப்போய் இன்னும் வலித்தது. சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வேறு! அதை எடுத்துவிட்டு, குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அப்போதுதான் கால் முழுசாக நீளுமாம்.

மாத்திரை பயம் முழுக்கப் பொய்யுமல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகாது. எது ஆகும், பயிற்சிக்கு எவ்வளவு நேரம் முன்பு போட வேண்டும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் (ரத்தம் உறைந்திருக்கலாம்) உடனே எங்கே ஓட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் தந்தால் என்ன? எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அறுவை சிகிச்சை செய்து அனுப்பும் மருத்துவமனையே, தனியாரானாலும், அந்தத் திட்டக் குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம்.

— ஒரு வாசகி, கும்பகோணம்