ஆளைப் படுக்க வைக்க வேணாம், பாயைச் சுருட்டுங்க

எங்க ஊர் புதியம்புத்தூர்ல "வெட்டு"ன்னு சொன்னா முதல்ல நெனப்புக்கு வர்றது துணிதான். தெருவுக்குத் தெரு ரெடிமேடு யூனிட். கட்டிங் மாஸ்டருக்கு இருக்கிற மரியாதை உள்ளூர் அரசியல்வாதிக்கு இருக்குமான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். :-) அப்படிப்பட்ட ஊர்ல இப்போ சில பையங்க ஜப்பான் வாளைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்காங்க. கார்ட்டூன், சினிமா, யூடியூப் மூணும் சேர்ந்து செஞ்ச வேலை. வீடியோவைப் பாத்திருப்பீங்க. ஒரு ஆள் அசையாம நிக்கிறார். எதிர்ல ஒரு முளையில சுருட்டி வெச்ச பாய். சர்ருன்னு ஒரு கோடு. ஒரு நொடி ஒண்ணுமே நடக்கலை. அப்புறம் பாயோட மேல்பாதி சாவகாசமா நழுவிக் கீழே விழுது. பாக்கிற யாருக்கும் கை ஊறும். எனக்கும் ஊறுச்சு.

நாலு வருசமா சாயங்காலம் கம்பு சுத்திக்கிட்டு இருக்கிறவன்ங்கிறதால "அண்ணாச்சி, இதை நாமளே கத்துக்கிட முடியுமா? ஒரு வாள் வாங்கினாப் போதாதா?"ன்னு என்கிட்டத்தான் வந்து கேக்கிறாங்க. முடியும், ஆனா பாதிதான் முடியும்ங்கிறது என் கட்சி. எந்தப் பாதின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே நம்ம சிலம்பக்காரங்களுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கு. அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு வாங்க.

அந்தப் பாய் வெட்டுக்கு ஜப்பான்ல தமெஷிகிரின்னு பேர். சோதனை வெட்டுன்னு அர்த்தம். யாருக்குச் சோதனைங்கிறதுலதான் கதையே இருக்கு. எடோ காலத்துல சோதனை வாளுக்குத்தான். மரண தண்டனை நிறைவேறின குற்றவாளிகளோட உடம்பை வெச்சு வெட்டிப் பாப்பாங்க. யமடா அசயெமோன்னு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையா இதையே தொழிலா வெச்சிருந்துச்சு. வாள் எப்படி வெட்டுச்சுங்கிறதைப் பிடிக்குள்ள மறையிற இரும்புல பொறிச்சு வெப்பாங்க. சிலதுல தங்கத்துல இழைச்சே எழுதியிருக்கு. கேக்க அருவருப்பாத்தான் இருக்கு. 1876-ல பொது இடத்துல வாள் தரிக்கிறதுக்கே அங்க தடை வந்துச்சு. இப்போ பாயை வெட்டுறப்போ சோதனை வாளுக்கு இல்ல, வாளைப் பிடிச்ச கைக்கு. பொணத்துல இருந்து பாய்க்கு வந்தாங்க பாருங்க, அதை நான் ரொம்பப் பெருசா நினைக்கிறேன்.

இதுல நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு. அவங்க வெட்டுற பாய் இகுசாங்கிற ஒரு மாதிரிக் கோரையில நெஞ்சது. குறுக்கே கோரை, நெடுக்கே நூல். கேட்ட மாதிரி இருக்குல்ல? நம்ம வீட்டுக் கோரைப்பாயேதான். பழைய பாயை இறுக்கிச் சுருட்டி, ரெண்டு மூணு இடத்துல கட்டி, ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போட்டு, காலையில வடியவிட்டு, தரையில நட்ட முளையில சொருகினா சரக்கு ரெடி. எலும்புக்குப் பதிலா நடுவுல பச்சை மூங்கிலையும் வெச்சுச் சுருட்டுறாங்க, அது கொஞ்சம் கைதேர்ந்தவங்க விவகாரம். பிளாஸ்டிக் பாய் ஆகாது. எங்க பக்கம் இப்போ முக்காவாசி வீட்டுல கெடக்கிறது அந்தப் பிளாஸ்டிக்தான்ங்கிறது தனிச் சோகம்.

ஊறின பாயைப் போல நேர்மையான வாத்தியாரைப் பாக்க முடியாது. வாளோட முனை போற திசையும் அலகு பாக்கிற திசையும் ஒண்ணா இருக்கணும். இதை அவங்க ஹாசுஜின்னு சொல்றாங்க. கொஞ்சம் சாஞ்சாலும் வாள் பாதிப் பாயில சிக்கி நின்னுடும். இல்லாட்டி பாய் வெட்டுப்படாம முளையைப் பிடுங்கிக்கிட்டுப் பறக்கும். அலகு நடுவழியில திரும்பினா வெட்டின முகம் குழிஞ்சிருக்கும். முரட்டு பலத்தைப் போட்டா வாளே வளைஞ்சுடும், ஏன்னா ஜப்பான் வாள்ல விளிம்புதான் கடினம், உடம்பு கொஞ்சம் மென்மையான எஃகு. ஆக, வெட்டின துண்டைக் கையில எடுத்துப் பாத்தாலே நம்ம கை என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சிடும். அந்த வகையில தானே கத்துக்கிடுறதுக்குத் தோதான கலைதான்.

மிச்சப் பாதிதான் வில்லங்கம். பாய் நம்ம காலைப் பத்திப் பேசாது. மேல இருந்து கோணலா இறக்குற வெட்டு முடிஞ்சதும் அந்த வாள் எங்க போகுது? பாய் எதிர்த்து நிறுத்தும்னு நம்பி முழுவேகத்துல இறக்குறோம். பாய் லேசா வழிவிட்டுடுச்சு. அடுத்து இருக்கிறது நம்ம இடது முழங்கால். வெட்டத் தெரிஞ்சவன் வாளை நிறுத்தத் தெரிஞ்சவனா இருக்கணும்ங்கிறதைப் பாய் சொல்லித்தராது, முழங்கால்தான் சொல்லித்தரும். அந்த ஃபீஸ் நமக்குக் கட்டுப்படியாகாது.

நான் பழகுற வாத்தியார்கிட்ட இதைத்தான் கவனிச்சேன். களத்துல நாங்க பாய் வெட்டுறப்போ அவர் பாயைப் பாக்கிறதே இல்ல. கண்ணு பூரா வெட்டுறவன் கால் மேலதான். பாய் ரெண்டா விழுந்து சுத்தி நிக்கிறவன் எல்லாம் விசிலடிப்பான். அவர் மட்டும், "வேய், அந்தக் காலை எதுக்கு முன்னால கொண்டுட்டு வந்தீரு?"ம்பார். இந்தக் கண்ணு யூடியூப்ல கெடைக்காது.

அப்புறம் வாள் வாங்குற சமாச்சாரம். இணையத்துல மலிவாக் கிடைக்கிற அலங்கார வாள் இருக்கே, பளபளன்னு இருக்குமே, அது சுவர்ல மாட்டத்தான். நிறையதுல பிடிக்குள்ள போற வால் பென்சில் தடிமன்தான், அதையும் பத்த வெச்சு ஒட்டியிருப்பான். வேகமா வீசினா பிடி கையில இருக்கும், அலகு பறந்துடும். எதிர்ல நிக்கிறவன் யாரோட பிள்ளையோ. முறையாச் செஞ்ச வாள்ல வாலு பிடிக்குள்ள நெடுந்தூரம் போயி, மூங்கில் ஆணியால பூட்டியிருக்கும். அந்த ஆணியை ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் கையில எடுப்பாங்க. அதனால பையங்களுக்கு நான் சொல்றது: முதல் வருசம் மரவாள். நம்ம ஊர் ஆசாரிகிட்ட சொன்னா நல்ல மரத்துல அழகா இழைச்சுத் தந்துடுவார். மரவாள்ல நிறுத்தப் பழகாத கைக்கு இரும்பு எதுக்கு?

"எங்களுக்கு அருவா புடிக்கத் தெரியாதாக்கும்"னு ஒரு பையன் மொறச்சான். நியாயமான கேள்விதான். இந்தக் கரிசக்காட்டுல சீமைக்கருவேலத்தை வெட்டாத கை ஏது? ஆனா அருவாளும் வாளும் நேர் எதிர். அருவாளுக்குக் கூர் உள்வளைவுல, வாளுக்கு வெளிவளைவுல. அருவாளுக்குக் கனம் முனைப்பக்கம். கொத்தி, கொக்கி போட்டு, தன் பக்கம் இழுக்கிற வெட்டு. ஒத்தைக் கை, மணிக்கட்டு வேலை. ஜப்பான் வாளு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன, ரெண்டு கைப்பிடி, கொத்துறது இல்ல, வழிச்சுக்கிட்டுப் போறது. கருவேலம் வெட்டின பழக்கத்தோட வாளைப் பிடிச்சா கொத்தத்தான் தோணும். வாளுக்குப் பக்கத்துல வர்ற வித்தை நம்மகிட்ட யார்கிட்ட இருக்குன்னா, பனையேறிகள்கிட்ட. பாளையைத் தினமும் சீவுறாங்களே, தாள் கனத்துக்கு, ஒரே சாய்வுல, மரத்து உச்சியில ஒத்தைக் கையால! அலகோட கோணம்னா என்னன்னு அவங்களைக் கேளுங்க. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் ஏறுற ஆட்கள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. இருக்கிறப்பவே கேட்டுடுங்க.

ஆயுதத்தை ஆள்கிட்டத்தான் கத்துக்கிடணும்ங்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச சாட்சி ஒரு வெள்ளைக்காரன். ஜேம்ஸ் வெல்ஷ், கம்பெனி அதிகாரி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான்னு 1830-ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புல எழுதியிருக்கார். அதே வெல்ஷ்தான் 1801-ல பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கின படையில இருந்தார். அந்தப் பாஞ்சாலங்குறிச்சி எங்க ஊருக்குப் பக்கத்துலதான். அப்புறம் மருது சகோதரர்களைத் தேடிப் பிடிச்ச படையிலயும் இருந்தார். அந்த வருசம் அக்டோபர்ல திருப்பத்தூர்ல அவங்களைத் தூக்குல போட்டாங்க. சொல்லிக்கொடுத்த ஆளுக்கு இந்தக் கதி. ஆனா எழுதுறப்போ அந்த மனுசனைப் பத்தின மரியாதையும் வருத்தமும் வெல்ஷ்கிட்ட தெரியுது. கத்துக்கொடுத்தவன் மேல வர்ற அந்த ஒட்டுதல் வீடியோவைப் பாத்துக் கத்துக்கிட்டவனுக்கு எங்க இருந்து வரும்?

1801 டிசம்பர்ல கம்பெனி சர்க்கார் பாளையக்காரங்களும் குடிகளும் ஆயுதத்தை ஒப்படைக்கணும்னு அறிக்கை போட்டுச்சு. வாளும் வேலும் போயிடுச்சு, கம்பு மிஞ்சுச்சு. அதனாலதானோ என்னவோ, நம்ம பக்கம் வாள் வித்தை சிலம்பத்தோட வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பொழச்சு வந்திருக்கு.

இன்னைக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கிடணும். 2016 ஆயுத விதிகள்ல வாள் ஐந்தாம் வகையில வருது. அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா கத்தியும் அதுலதான். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்கு உண்டு. அதான் அருவா தப்பிக்குது. வாளுக்கு எந்தெந்தப் பகுதியில உரிமம் கட்டாயம்னு முடிவு பண்றது மத்திய அரசோட அறிவிக்கை. அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னால ஸ்டேசன்ல போய் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சட்டத்தை விடுங்க, ஊர் இருக்கு. தென்மாவட்டத்துல வாளும் அருவாளும் வெறும் பொருள் இல்ல. ரெண்டு தெருவுக்கு நடுவுல எத்தனை குடும்பத்தை அழிச்ச இரும்பு அது. திருவிழா, நினைவு நாள் வந்தா எங்க மாவட்டத்துல தடையுத்தரவு வர்றதும், வாள், கத்தி, கம்போட ஊர்வலமா வரக்கூடாதுன்னு அறிவிக்கிறதும் சகஜம். (144-ன்னு நாம இன்னமும் சொல்றோம், 2024 ஜூலையில இருந்து அது புதுச் சட்டத்துல 163.) 2018 பிப்ரவரியில சென்னைக்கு வெளியே அருவாளால பிறந்தநாள் கேக் வெட்டின கும்பலைப் போலீஸ் அள்ளிக்கிட்டுப் போச்சே, அதுக்கப்புறமும் அந்த மோகம் குறையலை. இந்த மண்ணுல ஒரு இளவட்டம் மொட்டைமாடியில தனியா வாள் சுத்தினா, பாக்கிற பக்கத்துத் தெருக்காரனுக்கு ஜப்பானா ஞாபகம் வரும்? "யாருக்குடா தீட்டுறான்?"னுதான் வரும். தனியாக் கத்துக்காதீங்கன்னு நான் சொல்றதுல பாதிக் காரணம் முழங்கால், மீதிக் காரணம் இது. நாலு பேர் பாக்க, வாத்தியார் முன்னால, பகல்ல, எல்லாத் தெருப் பையங்களும் சேர்ந்து நிக்கிற களத்துல வெட்டினா அது விளையாட்டு. அதையே ஒளிஞ்சு பண்ணினா ஊர் வேற பேர் வெச்சுடும்.

இப்போ நம்ம சிலம்பக்காரங்களுக்கான விண்ணப்பம். கோயில் கொடையில கம்பு விளையாட்டு முடிஞ்சதும் ஒரு உருப்படி வரும், நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு பையனைப் படுக்க வெச்சு, வயித்து மேல வெள்ளரிக்காயோ வாழைக்காயோ வெச்சு, கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் வாளால வெட்டுவார். கூட்டம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் கைதட்டும். சில இடத்துல கழுத்துல வெச்சே வெட்டுறாங்க.

அண்ணாச்சிகளே, அது வாள் வித்தையோட சோதனை இல்ல. படுத்திருக்கிறவனோட நம்பிக்கைக்குச் சோதனை. பெரும்பாலும் சின்னப் பையன், இல்லேன்னா வாத்தியாரோட சொந்தப் பிள்ளை. மாட்டேன்னு சொல்ற வயசே வந்திருக்காது. வெள்ளரிக்காயை வெட்ட அலகோட கோணம் சரியா இருக்கணும்னுகூட இல்லையே, வாள் லேசா இறங்கினாப் போதும். நிறுத்துற வித்தை அதுல இருக்குங்கிறதை ஒத்துக்கிறேன், அது சாதாரண வித்தை இல்ல. ஆனா அந்த வித்தையைக் காட்ட உசுரை ஏன் பலகையாப் போடணும்? ஜப்பான்காரன் பொணத்தை விட்டுட்டுப் பாய்க்கு வந்துட்டான், நாம உசுரோட இருக்கிறவனைப் படுக்க வெச்சுக்கிட்டு இருக்கோம்.

பாரம்பரியம்னு சொல்வீங்க. சிலம்பம் இன்னைக்கு எங்க நிக்குதுன்னு பாருங்க. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில காட்சி விளையாட்டா சேர்த்தாங்க. பொம்பளைப் பிள்ளைங்க நிறைய வர்றாங்க. இந்த நேரத்துல ஒரே ஒரு கை பிசகினா, ஒரு வீடியோ போதும், கலைக்கே தடை வாங்கித் தந்துடும். அதுக்குப் பதிலா களத்துல நாலு முளை நட்டு, நாலு ஊறின கோரைப்பாய் நிறுத்துங்க. நம்ம மெல்லிசான ஒத்தைக்கை வாளுக்குத் தக்கபடி சன்னமாச் சுருட்டிக்கலாம். அடவு வெச்சு சுத்தி வந்து, இடமும் வலமுமா நாலையும் வெட்டிட்டு, கடைசி வெட்டுல முளையைத் தொடாம வாளை நிறுத்தட்டும். ஜனம் கைதட்டாதுன்னா நினைக்கிறீங்க? அந்த மேல்பாதி நழுவி விழுற அழகுக்கே தட்டும்.

எங்க வாத்தியார்கிட்ட இதைப் பேசியாச்சு. முதல்ல, "பாயை வெட்டுறதைப் பாக்க எவம்லே வருவான்?"னு சிரிச்சார். ரெண்டு நாள் கழிச்சு அவரே ஒரு கிழிஞ்ச பாயைத் தண்ணித்தொட்டியில ஊறப்போட்டு வெச்சிருந்தார். வர்ற கொடைக்கு ஆள் படுக்கிற உருப்படி கிடையாதுன்னு இப்போதைக்குப் பேச்சு. கமிட்டிக்காரங்க இன்னும் சரின்னு தலையாட்டலை.

டிஸ்கி: பழைய கோரைப்பாய் தேவைப்படுது. ஓரம் பிஞ்சது, எலி கடிச்சது எதுவா இருந்தாலும் சரி. நூல் மட்டும் நைலானா இல்லாம பருத்தியா இருக்கணும். தூத்துக்குடி, கோவில்பட்டிப் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது கெடந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிடுறேன்.